ஆட்டுக்கால் சூப்பில் ஒரு மணிக்கட்டு

சேலம் நாலு ரோட்டுப் பக்கம் பொழுது சாய்ந்ததும் போனால் தள்ளுவண்டி அடுப்புகளில் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். மிளகும் சீரகமும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சூப், மேலே கொஞ்சம் கொத்தமல்லித்தழை. கால் துண்டும் வேண்டும் என்று கேட்டால் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். போன மாதம் என் அக்கா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கிண்ணத்தில் கிடந்த எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஆட்டோட முட்டியா, பாதமா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்ல கண்ணு. இது அதோட உள்ளங்கை" என்றேன்.

அவள் நம்பவில்லை. சூப் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனும் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். (ஏற்காட்டில் விற்கிற முடவாட்டுக்கால் சூப்பை இதோடு சேர்க்க வேண்டாம். அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. பார்க்க ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அதில் எலும்பு கிடையாது.)

முதலில் நம் கையைப் பார்ப்போம். மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி 8 சின்ன எலும்புகள், இரண்டு வரிசையாக. அதற்குக் கீழே உள்ளங்கையில் 5 நீள எலும்புகள், விரலுக்கு ஒன்று. அப்புறம் விரல்கள்: கட்டைவிரலில் 2 எலும்பு, மற்ற நான்கிலும் மும்மூன்று, ஆக 14. மொத்தம் 27. காலுக்கு வந்தால் கணுக்கால் பகுதியில் 7, பாதத்தில் 5, விரல்களில் அதே 14. மொத்தம் 26. உடம்பில் இருக்கிற 206 எலும்புகளில் 106 இந்த இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும்தான் இருக்கின்றன. பாதிக்கு மேல்!

எண்ணிக்கையை விட அந்த ஒழுங்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கால் பெருவிரலிலும் இரண்டே எலும்புதான், கைக் கட்டைவிரலில் இருப்பது போலவே. மற்ற விரல்களில் மூன்று மூன்று. கையும் காலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் அளவு மாறியிருக்கிறது. கையில் விரல் எலும்புகள் நீளம், மணிக்கட்டு எலும்புகள் பொடி. பாதத்தில் அப்படியே தலைகீழ்: கணுக்கால் எலும்புகள் பருத்துப் பாதத்தின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்கின்றன, விரல்கள் குட்டையாகிவிட்டன. பிடிப்பதற்கு ஒன்று, தாங்குவதற்கு ஒன்று.

இரண்டு, மூன்று, மூன்று, மூன்று, மூன்று என்கிற இந்தக் கணக்கு மனிதனுக்கு மட்டும் உரியது அல்ல. பாலூட்டிகளின் பொதுக் கணக்கே இதுதான். தெருநாயின் முன்னங்காலில் தரையைத் தொடாமல் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன விரலில் இரண்டு எலும்பு, மற்ற நான்கில் மும்மூன்று. நாய்க்குக் கட்டைவிரல் இருக்கிறது. நாம்தான் அதை அப்படிக் கூப்பிடுவதில்லை.

சரி, ஆட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கையையும் காலையும் தரையில் ஊன்றி, யானை விளையாட்டு விளையாடும் குழந்தை மாதிரி நில்லுங்கள். இப்போது உள்ளங்கை முழுக்கத் தரையில் பதிந்திருக்கிறது. கரடியும் குரங்கும் இப்படித்தான் ஊன்றும். அடுத்து உள்ளங்கையைத் தூக்கி விரல்களில் மட்டும் நின்று பாருங்கள். அது நாய், பூனை, நரியின் நடை. இன்னும் ஒரு படி மேலே போய் விரல்களையும் தூக்கி நக நுனியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆடு, மாடு, மான், குதிரை. குளம்பு என்பது விரல் நுனியைச் சுற்றித் தடித்து வளர்ந்த நகம்.

அப்படி நிற்கும்போது நம் மணிக்கட்டு எங்கே போயிருக்கும்? தரையிலிருந்து நன்றாக மேலே ஏறியிருக்கும். மாட்டின் முன்னங்காலில் நடுவே புடைத்துக்கொண்டிருக்கிறதே, நாம் முட்டி என்று சொல்வது, அது உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக வளைந்து கூராக நீட்டிக்கொண்டிருப்பது குதிகால். உண்மையான முட்டி வயிற்றை ஒட்டி மேலே, தொடைச் சதைக்குள் மறைந்திருக்கிறது. மாட்டுக்கு முன்முட்டி ஒரு பக்கமும் பின்முட்டி எதிர்ப்பக்கமும் மடங்குகிறது என்று சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டி எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் மடங்குகிறது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது மணிக்கட்டையும் குதிகாலையும்.

இதைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சிவன் கோயிலில் நந்தியின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மடித்து வைத்திருக்கும் முன்னங்காலின் முன்விளிம்பு மணிக்கட்டு. அங்கிருந்து பின்னால் மடிந்து வயிற்றுக்கு அடியில் போவது உள்ளங்கை எலும்பும் விரல்களும். நாம் கையை மணிக்கட்டோடு உள்பக்கமாக மடக்குவது போலத்தான். எலும்பின் பெயர் தெரியாமலே சிற்பி மடிப்பைச் சரியாக வைத்திருக்கிறார். மாட்டைப் பார்த்துப் பார்த்து வந்த கை அது.

கறிக்கடைக்குப் போனால் இன்னும் தெளிவு. ஆட்டுக்கால் கேட்டால் பாய் முன்னங்காலை வெட்டும் இடம் மணிக்கட்டு மூட்டு. பின்னங்காலை வெட்டும் இடம் கணுக்கால் மூட்டு. அதற்குக் கீழே இருப்பதைத்தான் தீயில் வாட்டிச் சுரண்டித் தருகிறார். ஆக, நான்கு கால் வாங்கினால் இரண்டு கை, இரண்டு பாதம். அதில் ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரே எலும்பு, அதன் நுனியில் இரண்டு விரல், விரலுக்கு மூன்று எலும்பு. அந்த மும்மூன்று கணக்கு இங்கேயும் மாறவில்லை.

அந்த நீள எலும்பைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். கீழ் நுனியில் ஒன்றுக்கு இரண்டாக உருளை மாதிரி முனைகள் இருக்கும். காரணம், அது ஒரு எலும்பு அல்ல, இரண்டு. மூன்றாம் விரலின் உள்ளங்கை எலும்பும் நான்காம் விரலின் உள்ளங்கை எலும்பும் ஒட்டிப் போனது. தாய் வயிற்றில் குட்டி உருவாகும்போது இரண்டும் தனித்தனியாகவே தோன்றுகின்றன, அப்புறம்தான் ஒன்றாகின்றன. பள்ளம் அந்த ஒட்டின் தழும்பு. எனக்கு இந்த எலும்பு மேல் தனிப் பிரியம். ஒரு பழைய கதையை இவ்வளவு வெளிப்படையாகத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும் எலும்பு உடம்பில் வேறு இல்லை.

முன்னங்கால் எலும்பா பின்னங்கால் எலும்பா என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. குறுக்கே வெட்டிய துண்டைப் பார்த்தால் முன்னங்கால் எலும்பு ஒரு பக்கம் தட்டையான அரைவட்டம் மாதிரி இருக்கும். பின்னங்கால் எலும்பு சதுரத்துக்குப் பக்கமாக இருக்கும், கொஞ்சம் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். வெள்ளாடா செம்மறியா என்பதற்கும் இதே எலும்பு சாட்சி சொல்லும். வெள்ளாட்டுக்குக் குட்டையாக, அகலமாக. செம்மறிக்கு நீண்டு மெலிந்து. அகழாய்வில் எலும்பு கிடைத்தால் ஆய்வாளர்கள் இந்த அளவுகளை வைத்தும்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கே சேலம் கருப்பு என்று ஒரு வெள்ளாட்டு இனமும், மேச்சேரி என்று ஒரு செம்மறி இனமும் இருக்கும்போது இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்க நமக்கு வசதிக்குக் குறைவில்லை.

வயசு கூடத் தெரியும். இளம் ஆட்டில் அந்த நீள எலும்பின் கீழ்முனை தண்டோடு இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். அதன் வழியாகத்தான் எலும்பு நீளமாக வளர்கிறது. கொதிக்கவைத்தால் குருத்தெலும்பு கரைந்து முனை மூடி கழன்று வருவது போலக் கழன்றுவிடும். ஆட்டுக்கு இரண்டு வயது நெருங்கும்போது தட்டு மறைந்து இரண்டும் ஒட்டிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு கொதித்தாலும் கழலாது. கிண்ணத்தில் மூடி தனியாகக் கிடந்தால் அது குட்டி.

மற்ற மூன்று விரல்கள் எங்கே? ஆட்டின் குளம்புக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, தரையைத் தொடாமல் இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். அவை இரண்டாம் விரலும் ஐந்தாம் விரலும், தேய்ந்து மிஞ்சியவை. கட்டைவிரல் அடையாளமே இல்லாமல் போய்விட்டது. பன்றியிடம் இதே நான்கு விரலும் எலும்போடு முழுசாக இருக்கின்றன, நடுவில் இரண்டு பெரிசு, ஓரத்தில் இரண்டு சிறிசு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மழை பெய்த மறுநாள் காலையில் நடந்தால் காட்டுமாட்டின் தடம் ஈர மண்ணில் இரண்டு பெரிய பிளவாகப் பதிந்திருக்கும். காட்டுப்பன்றி போன தடத்தில் பின்னால் இரண்டு புள்ளிகள் கூடுதலாக, விரிந்து தெரியும். சேறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு விரல் தெரியும்.

பாலூட்டிகள் விரலை இழப்பதில் பெரும்பாலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் போவது கட்டைவிரல். அடுத்து சுண்டுவிரல், அப்புறம் ஆள்காட்டி விரல், கடைசியில் மோதிர விரல். பன்றி முதல் படியில் நின்றுவிட்டது. ஆடும் மாடும் மூன்றாம் படி வரை கிட்டத்தட்டப் போய்விட்டன. குதிரை கடைசி வரை போனது. அதற்கு மிச்சம் நடுவிரல் ஒன்றுதான்.

நான் வளர்ந்தது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். லீ பஜாருக்கு மூட்டை ஏற்றி வரும் மாட்டு வண்டிகள் அப்போது நிறைய. தெருமுனையில் ஒருவர் மாடுகளைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பார். எப்போதாவது ஒரு ஜட்கா குதிரையும் வரும். குதிரையை நிற்கவைத்து, காலை மடக்கித் தூக்கி அடிப்பார். குதிரைக்கு வளைந்த லாடம், காலுக்கு ஒன்று. மாட்டுக்குத் தட்டையான லாடம், காலுக்கு இரண்டு. மாட்டுக்கு எட்டு, குதிரைக்கு நாலு என்று அவர் கூலி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் இரட்டைக் குளம்பிகள், ஒற்றைக் குளம்பிகள் என்று படித்தபோது எனக்கு அந்த எட்டும் நாலும்தான் ஞாபகம் வந்தது. மாட்டின் எடை மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே இறங்குகிறது, அதனால் இரண்டும் சமமாகத் தாங்குகின்றன. குதிரையின் எடை நேராக நடுவிரல் வழியே இறங்குகிறது.

குதிரையின் அந்த ஒற்றை எலும்பு, மாட்டினுடையதைப் போல இரண்டு ஒட்டியது அல்ல. மூன்றாம் விரலின் எலும்பு மட்டுமே பருத்தது. அதன் இரண்டு பக்கமும் ஊசி மாதிரி இரண்டு மெல்லிய எலும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை இரண்டாம், நான்காம் விரல்களின் மிச்சம். குதிரையின் முன்னோர்களின் புதைபடிவங்கள் வட அமெரிக்காவில் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நாய் அளவுக்கு இருந்த முன்னோருக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. அப்புறம் வந்தவற்றுக்கு மூன்று மூன்று. கடைசியில் ஒன்று. நீண்ட காலின் நுனியில் எடை குறையக் குறைய அதை வீசுவது சுலபம். திறந்த புல்வெளியில் ஓடிப் பிழைத்த ஒரு விலங்குக்கு அது பெரிய லாபம்.

அந்தப் பழைய குதிரையில் முன்னால் நான்கு, பின்னால் மூன்று என்பதைக் கவனியுங்கள். நாய்க்கும் பூனைக்கும் முன்னால் ஐந்து, பின்னால் பொதுவாக நான்கு. நம் ஊர் யானைக்கு வெளியே தெரியும் நகங்கள் வழக்கமாக முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு. பல விலங்குகளில் பின்னங்கால் முதலில் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திண்ணையில் ஓடும் அணிலுக்கு முன்னால் நான்கு விரல்தான் கண்ணுக்குத் தெரியும், கட்டைவிரல் வெறும் மொட்டு. பின்னால் ஐந்தும் உண்டு. எலிக்கும் அப்படியே.

இந்தக் கால் எலும்புகளில் ஒன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஆட்டின் கணு எலும்பைத்தான் எடுப்பேன். பின்னங்காலை வெட்டும் இடத்தில் இருக்கும், விரல் கணு அளவுக்கு, கெட்டியாக, மழமழவென்று. பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் செம்மறியின் இந்த எலும்பைத்தான் தாயக்கட்டை மாதிரி உருட்டி விளையாடினார்கள். உருட்டினால் நான்கு பக்கங்களில் ஏதாவது ஒன்றில் நிற்கும். நம் கணுக்காலிலும் இந்த எலும்பு உண்டு. உடம்பின் எடை முழுவதும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது, ஆனால் ஒரு தசை கூட இதில் பிடித்திருக்கவில்லை.

ஆட்டின் கணு எலும்பின் மேல்முனை கிணற்று ராட்டினம் மாதிரி நடுவில் பள்ளமாக இருக்கும். நாய்க்கும் குதிரைக்கும் கூட மேல்முனை இப்படித்தான். ஆனால் ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகியவற்றுக்கு மட்டும் கீழ்முனையிலும் இன்னொரு ராட்டினம் இருக்கிறது. கணுக்கால் இரண்டு இடத்தில் முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. இந்த இரட்டை ராட்டினம் இரட்டைக் குளம்பிகளின் முத்திரை மாதிரி.

2001-இல் பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில், ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் கிடைத்த விலங்குகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவை கால்கள் இருந்த பழங்காலத் திமிங்கலங்கள். அவற்றின் கணுக்காலில் இருந்தது இதே இரட்டை ராட்டின எலும்பு! திமிங்கலமும் நீர்யானையும் உறவு என்று மரபணு ஆய்வுகள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தன. எலும்பு ஆய்வாளர்கள் பலர் ஒத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். கையில் அடங்கும் ஒரு கணு எலும்பு அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்திய நிலவியலாளர் ரங்கா ராவ் காஷ்மீர்ப் பகுதியில் காலாகோட் என்கிற இடத்தில் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். இந்தோஹையஸ் என்கிற விலங்குக்கு 1971-இல் பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் மறைந்த பிறகு, உடைக்காமல் கிடந்த அந்தப் பாறைகள் ஹான்ஸ் தேவிசன் என்கிற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. உள்ளே இருந்தது அந்த இந்தோஹையஸ்தான்: பூனையை விடக் கொஞ்சம் பெரிய, சருகுமான் மாதிரியான ஒரு குளம்பு விலங்கு. அதன் காது எலும்பு திமிங்கலத்தினுடையது போல இருந்தது. கால் எலும்புகள் தண்ணீரில் மிதக்காமல் கால் ஊன்றி நடக்க வசதியாகக் கனத்திருந்தன. 2007-இல் அந்த ஆய்வு வெளியானது. திமிங்கலத்தின் மிக நெருங்கிய பழைய உறவு என்று சொல்லத்தக்கது காஷ்மீர்ப் பாறையிலிருந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ரங்கா ராவின் பெயரைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைய திமிங்கலத்துக்குப் பின்னங்கால் இல்லை. உடம்புக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் இருக்கிறது. முன்னங்கால் துடுப்பாகிவிட்டது. அந்தத் துடுப்புக்குள் முழுக் கையும் இருக்கிறது: தோள், மணிக்கட்டு, விரல்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வகைத் திமிங்கலத்தின் இரண்டாம் விரலில் எலும்புகள் பத்துக்கும் மேல் இருக்கலாம். இரண்டு, மூன்று, மூன்று என்கிற பாலூட்டிக் கணக்கை இவ்வளவு தாராளமாக மீறியது திமிங்கலக் கூட்டம் ஒன்றுதான் என்று சொல்லலாம். தண்ணீரைத் தள்ளும் துடுப்புக்கு உறுதியும் வேண்டும், கொஞ்சம் வளைவும் வேண்டும். சின்னச் சின்ன எலும்புகளைக் கோத்தால் இரண்டும் கிடைக்கிறது.

வௌவால் எலும்பின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. இருப்பதையே இழுத்தது. ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலின் இறக்கையைப் பாருங்கள். குடைக் கம்பி மாதிரி ஓடுவதெல்லாம் உள்ளங்கை எலும்புகளும் விரல் எலும்புகளும். நம் கை அந்த விகிதத்தில் இருந்தால் நடுவிரல் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். கட்டைவிரல் மட்டும் சின்னதாக, நகத்தோடு வெளியே நிற்கும். மரத்தைப் பற்றவும் பழத்தைப் பிடிக்கவும் அதுதான். ஆனால் அதே வௌவாலின் பாதத்தைப் பார்த்தால் ஐந்து விரலும் குட்டையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில், கொக்கி நகங்களோடு இருக்கும். ஒரே உடம்பில் கை இவ்வளவு தூரம் மாறியிருக்கிறது, பாதம் அடக்கமாக இருந்துவிட்டது. அந்தப் பாதத்தில் தசைநாண் ஒரு பூட்டு மாதிரி வேலை செய்கிறது. உடம்பின் எடையே விரலை இறுக்கிப் பிடிக்க வைப்பதால் தூங்கும்போது சிரமம் இல்லை. செத்த வௌவால் கூட விழாமல் தொங்குவது இதனால்தான்.

நம் கையும் ஒரு காலத்தில் வௌவால் கை மாதிரிதான் இருந்தது, தாயின் வயிற்றில். கருவின் நான்காவது வாரத்தில் கை ஒரு மொட்டு. பிறகு தட்டையான கரண்டி. விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். அந்தச் சவ்விலுள்ள செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே அழிய, எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிகின்றன. வௌவாலில் அந்த அழிவைத் தடுக்கும் சமிக்ஞைகள் இருப்பதால் சவ்வு இறக்கையாக நிற்கிறது. எந்த விரல் எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்கிற மரபணுவுக்குப் பெரிய பங்கு. அது தவறான பக்கத்தில் வேலை செய்தால் ஆறாவது விரல் முளைக்கும். மாட்டுக் கருவில் அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு மாறியிருப்பதால்தான் இரண்டு விரல் சமமாக வளர்கிறது என்று 2014-இல் காட்டினார்கள்.

ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளைத் தின்பண்டம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். அவற்றுக்குப் பாதம் இன்னொரு கை. கால் பெருவிரல் மற்ற விரல்களிலிருந்து விலகி, கிளையைச் சுற்றிப் பிடிக்கும். மணிக்கட்டில் 9 எலும்பு, நமக்கு 8. அந்த ஒன்பதாவது நமக்கு இல்லாமல் இல்லை. கருவில் தனியாகத் தோன்றிப் பக்கத்து எலும்போடு ஒட்டிவிடுகிறது. நம் பாதத்தில் பெருவிரல் மற்ற நான்கோடு வரிசையில் சேர்ந்துகொண்டது, குதிகால் பெருத்தது, நடுவில் வளைவு வந்தது. பிடிக்கிற வேலையைக் கால் விட்டுவிட்டதால்தான் நடக்கிற வேலையிலிருந்து கைக்கு விடுதலை கிடைத்தது.

தோல் உரிந்த கரடியின் கைகால்கள் மனிதக் கைகால்களைப் போலவே இருக்கும் என்பது தடயவியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் உள்ளங்கால் ஊன்றி நடக்கும் விலங்கு, ஐந்து விரல், அதே மும்மூன்று எலும்பு. கண்டுபிடிக்க ஒரு வழி, பெரிய விரல் எந்தப் பக்கம் என்று பார்ப்பது. நமக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம், உள்பக்கத்து விரல்தான் சிறிசு.

யானையைப் பற்றிச் சொல்லும்போது மனசு கனக்கிறது. சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி நிற்க முடியாமல் பல நாள் படுத்தே கிடந்து 2018 ஏப்ரலில் இறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. வெளியிலிருந்து பார்த்தால் யானையின் கால் நேரான தூண். உள்ளே எலும்புகள் கிட்டத்தட்ட விரல் நுனியில் நிற்கின்றன, குதிகால் உயர்ந்திருக்கிறது. குதிகாலுக்கு அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை. கட்டைவிரல் பக்கம் ஆறாவது விரல் மாதிரி ஒரு எலும்பு அந்த மெத்தைக்கு முட்டுக் கொடுக்கிறது என்று 2011-இல் விளக்கினார்கள். அது உண்மையான விரல் அல்ல, தசைநாணில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு நீண்டது. பாண்டா கரடி மூங்கிலைப் பிடிக்கும் போலிக் கட்டைவிரலும் அதே எலும்புதான். மண்ணில் நடந்து நடந்து வேலை செய்ய வேண்டிய மெத்தை அது. சிமென்ட் தரையில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதற்கு உரியது அல்ல.

வேறு வேறு வேலை செய்யும் உறுப்புகளில் ஒரே எலும்புகள் இருப்பதை லண்டனில் ரிச்சர்ட் ஓவன் 1840-களில் விரிவாக விளக்கினார். அவர் அதை ஒரு மூலத் திட்டமாகப் பார்த்தார். 1859-இல் டார்வின் அதே எலும்புகளைப் பார்த்து, இது உறவு என்றார். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அமைப்பு ஒத்த உறுப்புகள் என்று ஒரு படத்தோடு இது வந்து போகிறது. மதிப்பெண்ணுக்கு அந்தப் படம் போதும். ஆனால் தோண்டுவதற்கும் பறப்பதற்கும் நீந்துவதற்கும் தனித்தனியாகக் கருவி செய்கிற ஒருவர் எல்லாவற்றுக்கும் அதே மணிக்கட்டையும் அதே விரலையும் ஏன் எடுக்க வேண்டும் என்கிற கேள்வி, எலும்பைக் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா மகள் கறிக்கடையில் ஒரு செட் கால் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அக்கா சூப் வைத்து முடித்ததும் அவள் எலும்புகளை எடுத்துக் கழுவி, பழைய செய்தித்தாளில் பரப்பினாள். வெட்டுமுகத்தைப் பார்த்து இரண்டை இடது பக்கம் வைத்தாள், இரண்டை வலது பக்கம் வைத்தாள். நான்கிலும் கீழ்முனை கழன்றிருந்தது.

"குட்டிதான் மாமா" என்றாள். அப்புறம் தன் இடது கையை மணிக்கட்டோடு மடக்கி, அந்த நீள எலும்புக்குப் பக்கத்தில் வைத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் நீட்டிப் பார்த்தாள்.